ஒலியைத் தருவது யார்? கெச்சுவா மரபிசையில் தொன்மமும் குறியீடும்

கேள்வி

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், குறிப்பாகப் பெரு, பொலிவியா நாடுகளின் உயர்நிலங்களில், கெச்சுவா மொழி பேசும் உழவர்களும் மேய்ப்பர்களும் வளர்த்துவந்துள்ள இசையைப் பற்றிய எழுத்துகளில் ஒரு பொருள்கோள் முறை நெடுங்காலமாகச் செல்வாக்குப் பெற்றுள்ளது. இன்ன கருவி இன்ன தெய்வத்தைக் குறிக்கும், இணைக்குழல்கள் உலகின் இருமையைக் குறிக்கும், பாடலில் வரும் பறவை காதலைக் குறிக்கும் என்று ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு பொருளைப் பக்கத்தில் எழுதிவைப்பதே அம்முறை. அதன்படி தொன்மம் என்பது முன்னரே முழுமை பெற்றுவிட்ட ஒரு கதை; இசை அக்கதையை நினைவூட்டும் சின்னம் மட்டுமே.

கள ஆய்வாளர்கள் கடந்த அரை நூற்றாண்டில் திரட்டிய செய்திகள் இப்புரிதலோடு எளிதில் பொருந்தவில்லை. ஒரு குழலை எந்த மாதத்தில் ஊதலாம், ஊதினால் பயிருக்கு என்ன நேரும், ஒரு மெட்டு யாரிடமிருந்து வந்தது, மலைத்தெய்வத்தை எட்டுவதற்கு மூச்சு எவ்வளவு நீள வேண்டும் என்பவையே அச்சமூகங்களின் கவலைகளாக இருக்கின்றன. கெச்சுவா இசையில் தொன்மம் பாடற்பொருளாக இருப்பதைவிட இசைப்பதன் ஒழுங்காக இருக்கிறது என்பதும், அவ்வொழுங்கு பழமையின் எச்சமாக இல்லாமல் புதியவற்றை உள்வாங்கும் ஆற்றலாகவே செயற்பட்டுள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

"இன்கா இசை" என்னும் கட்டுமானம்

இப்பொருள்கோள் முறையின் வேர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளது. டேனியல் அலோமியா ரோப்லெஸ் இசையமைத்து 1913இல் லிமா நகரில் அரங்கேறிய 'எல் கோந்தோர் பாசா', சுரங்கத் தொழிலாளர்களின் துயரைக் கதையாகக் கொண்ட ஓர் இசை நாடகம். ஆயினும் 1970இல் சைமன்-கார்ஃபங்கல் இணையரின் ஆங்கிலப் பாடலாக உலகெங்கும் பரவியபின், அதன் மெட்டு இன்கா காலத்துத் தொல்லிசை என்றே பலராலும் கருதப்படலாயிற்று. லூயிஸ் வால்கார்செல் தலைமையில் 1923-24இல் அண்டை நாடுகளுக்குச் சென்ற கலைக்குழு, குஸ்கோ நகர அறிவாளர்கள் செப்பனிட்ட இசையை "இன்காக் கலை" என்ற பெயரிலேயே மேடையேற்றியது. பிரான்சைச் சேர்ந்த ராவுல், மார்கரித் தார்கூர் இணையர் 1925இல் வெளியிட்ட பெருநூல் ஏராளமான மெட்டுகளைத் தொகுத்தளித்தது. ஐந்து சுரங்களாலான இசையமைப்பே இன்கா மரபின் தூய அடையாளம் என்ற எண்ணத்தையும் அது நிலைபெறச் செய்தது.

இக்காலத்து ரசனையைப் புரிந்துகொள்ள 'மன்ச்சாய் புய்த்து' என்னும் கதை உதவும். இறந்துபோன காதலியின் கால் எலும்பைக் குழலாகச் செதுக்கி, ஒரு குடத்துக்குள் அதை ஊதி அழுத பாதிரியாரின் கதை அது. பெரு எழுத்தாளர் ரிக்கார்தோ பால்மா உள்ளிட்ட பலர் அதை இலக்கியமாக்கினர். 'கேனா' என்னும் செங்குத்துக் குழல் ஆறாத் துயரின் ஒலி என்னும் எண்ணம் வலுப்பெற்றதில் இக்கதைக்குப் பெரும்பங்கு உண்டு. எலும்பில் குழல் செய்யும் வழக்கம் ஆண்டிஸ் பகுதியில் மிகத் தொன்மையானதுதான்; ஆனால் தனிமனிதக் காதல், பாவவுணர்வு, தீராத் தனிமை ஆகியவற்றைச் சுற்றி அமைந்த இக்கதை, காலனிய நகரங்களின் கிறித்தவ உணர்வுலகத்துக்கு நெருக்கமானது; ஊர்கூடி இசைக்கும் உழவர் மரபுக்கு நெருக்கமானதன்று. அழகிய கதை என்பதாலேயே அதை மரபின் திறவுகோலாகக் கொள்வது பிழையான வழிக்கு இட்டுச்செல்லும்.

காலனியக் காலத்துச் சான்றுகள்

கெச்சுவா மொழியிலேயே எழுதப்பட்ட தொன்மத் தொகுப்பு என்ற வகையில் வாரோசிரி கையெழுத்துப்படி இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. லிமாவுக்குக் கிழக்கேயுள்ள வாரோசிரி மலைப்பகுதியின் தெய்வக் கதைகளைக் கூறும் இக்கையெழுத்துப்படி, பிரான்சிஸ்கோ தெ ஆவிலா என்ற பாதிரியாரின் பின்னணியில் ஏறத்தாழ 1608ஆம் ஆண்டளவில் உருவானது. உள்ளூர் வழிபாட்டை ஒழிக்கும் முயற்சியின் பகுதியாகத் திரட்டப்பட்ட செய்திகளே இன்று அவ்வழிபாட்டை அறிய எஞ்சியிருக்கும் தலையாய ஆதாரம் என்ற முரண்பாட்டை எந்த ஆய்வாளரும் மறந்துவிட முடியாது.

அதன் ஐந்தாம் இயலில் வாத்யக்குரி என்ற ஏழையின் கதை வருகிறது. பரியகாகா என்னும் மலைத்தெய்வத்தின் மகனான அவனை, செல்வந்தன் ஒருவன் குடிப்பதிலும் ஆடுவதிலும் தன்னோடு போட்டியிட அழைக்கிறான். தந்தையின் அறிவுரைப்படி வாத்யக்குரி, லாமாவின் காட்டு இனமான குவனாகோ இறந்து கிடப்பதுபோல் மலையில் கிடக்கிறான். நரியும் அதன் மனைவியான ஸ்கங்க் என்னும் நாற்றம் பீய்ச்சும் சிறுவிலங்கும் அதை உண்ண வருகின்றன. தாம் கொண்டுவந்த மக்காச்சோளக் கள், குழல்வரிசை, சிறுபறை ஆகியவற்றைக் கீழே வைக்கின்றன. அவன் மனித வடிவில் எழுந்து கூச்சலிட, அவை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுகின்றன. போட்டியில் செல்வந்தன் பெண்கள் பலர் சூழ ஆடுகிறான். வாத்யக்குரியோ தன் மனைவி ஒருத்தியோடு மட்டும் வந்து அப்பறையை முழக்க, நிலமே அதிர்கிறது. வெற்றி அவனுக்கே.

இங்குப் பறை எதையும் குறிப்பதாகக் கதை சொல்லவில்லை. அது நிலத்தை அசைக்கிறது. அதன் வலிமை செய்தவனின் கைத்திறத்தாலோ முழக்குபவனின் பயிற்சியாலோ வந்ததன்று. மனித உலகின் விளிம்பில் வாழும் உயிர்களிடமிருந்து, ஆபத்தான ஓர் இடத்தில், சூழ்ச்சியால் பெறப்பட்டது. இசையின் ஆற்றல் வெளியிலிருந்து வருவது, பெற்றவனின் சமூக நிலையைத் தலைகீழாக்க வல்லது என்னும் இவ்விரு கூறுகளும் பின்வந்த நூற்றாண்டுகளின் வழக்குகளில் வெவ்வேறு வடிவங்களில் காணப்படுகின்றன. இதை நேர்வழி மரபுத் தொடர்ச்சி என்று நிறுவ ஆவணம் இல்லை. ஒத்த சிந்தனை முறை என்று கூறுவதே சான்றுகள் தாங்கும் அளவு.

காலனிய அதிகாரமும் இவ்விசையை வெறும் கேளிக்கையாகக் கருதவில்லை. 1560களில் இன்றைய அயாக்குச்சோ வட்டாரத்தில் எழுந்த 'தாக்கி உன்குய்' இயக்கத்தில், 'வாக்கா' எனப்படும் உள்ளூர்த் தெய்வங்கள் மனிதருடலில் புகுந்து ஆடவும் பாடவும் வைப்பதாகவும், அவை கிறித்தவர்களின் கடவுளை வெல்லப்போவதாகவும் அறிவிக்கப்பட்டது. ஏசுசபைப் பாதிரியார் பாப்லோ ஹோசே தெ அரியாகா 1621இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், கைப்பற்ற வேண்டிய வழிபாட்டுப் பொருள்களோடு முரசுகளையும் ஊதுகருவிகளையும் சேர்த்தே எண்ணியது. இதற்குச் சற்று முன், 1615 வாக்கில், குவாமன் போமா தெ அயாலா ஸ்பெயின் மன்னருக்கு எழுதிய சித்திர வரலாற்றில், சிவப்பு லாமா ஒன்றின் குரலைப் பின்பற்றி இன்கா மன்னர் பாடும் காட்சியை வரைந்துவைத்தார். விலங்கு முதலில் ஒலிக்கிறது, மன்னர் பின்தொடர்கிறார் என்ற அவ்வரிசை கவனத்துக்குரியது.

சிரேனா: இரவல் கருவியும் நீர்த்தெய்வமும்

கெச்சுவா இசைத் தொன்மங்களுள் வெளியுலகில் மிகவும் அறியப்பட்டவள் சிரேனா. ஊற்றுகளிலும் அருவிகளிலும் ஏரிகளிலும் உறையும் அவளே இசையின் தலைவி எனப்படுகிறாள். குஸ்கோ மாநிலத்தின் கானாஸ் பகுதியில் இவ்வழக்கை ஆராய்ந்த தாமஸ் டூரினோ 1983இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் அடிப்படையானது. 'சாராங்கோ' எனப்படும் சிறு தந்திக்கருவியை அங்குள்ள திருமணமாகாத இளைஞர்கள் பெண்களின் மனங்கவர மீட்டுகின்றனர். புதிய கருவியைக் காணிக்கைகளோடு நீர்நிலையருகே இரவு முழுவதும் விட்டுவைத்தால், சிரேனா அதற்குச் சுருதி கூட்டித் தருவாள். அதன்பின் அதன் ஒலிக்கு எந்தப் பெண்ணாலும் எதிர்நிற்க இயலாது என்பது நம்பிக்கை. அவள் மீட்டுவதைக் கேட்க நேர்வது ஆபத்து என்பதால் கருவியை வைத்தவன் விலகிச் சென்றுவிட வேண்டும்.

சிரேனாவின் வரலாறு அவளைத் தூய பழமையாகக் காணவிடுவதில்லை. ஸ்பானியர் வருகைக்கு முன் ஆண்டிஸ் பகுதியில் தந்திக்கருவிகளே இல்லை. சாராங்கோ, ஸ்பானியக் கிதார் வகைக் கருவிகளிலிருந்து உள்ளூர்க் கைவினைஞர்களால் உருமாற்றப்பட்டது. மரத்தாலும், ஆர்மடில்லோ என்னும் விலங்கின் ஓட்டாலும் அது செய்யப்படுகிறது. பாதி பெண்ணும் பாதி மீனுமான சிரேனாவின் உருவமும் ஐரோப்பியச் சித்திர மரபைச் சேர்ந்ததே. பொத்தோசி நகரின் சான் லொரென்சோ தேவாலயத்தின் பதினெட்டாம் நூற்றாண்டு முகப்பில், சிறு கிதார் போன்ற கருவிகளை மீட்டும் கடற்கன்னியர் செதுக்கப்பட்டுள்ளனர். கலை வரலாற்றாசிரியர் தெரேசா ஹிஸ்பெர்ட் 1980இல் வெளியிட்ட நூலில், தித்திக்காக்கா ஏரியின் கதைகளில் வரும் கெசின்தூ, உமன்தூ என்ற மீன்வடிவப் பெண்களோடு இவ்வுருவங்களைத் தொடர்புபடுத்தினார். ஐரோப்பியச் சிற்பத்துக்கும் ஆண்டிஸ் நீர்த்தெய்வத்துக்கும் இடையே ஒரு சந்திப்பு நிகழ்ந்துள்ளது என்ற அவர் கருத்து ஏற்கத்தக்கது. எது எதைப் போர்த்தி மறைத்தது என்ற விவாதம்தான் பயனற்றது.

அந்நியரின் கருவி ஒன்று ஊருக்குள் வருகிறது. அதை ஊரின் கருவியாக்குவது எப்படி என்ற சிக்கலுக்கு, குழல்களுக்கும் பறைகளுக்கும் ஏற்கெனவே பொருந்திய விதியையே மக்கள் பயன்படுத்தினர்: ஒலியை மனிதர் உண்டாக்குவதில்லை, நீரும் மலையும் தர வேண்டும். கருவியைச் செய்தவன் ஊரானோ அயலானோ, ஓரிரவு ஊற்றருகே கிடந்தபின் அது அவ்வூற்றுக்கு உரியது. மாட்டுக் கொம்புகளை வளையமாக இணைத்துச் செய்யும் 'வாக்ரபுக்கு' என்னும் ஊதுகொம்பைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். மாடு ஐரோப்பியரோடு வந்த விலங்கு. அக்கொம்போ இன்று நடுப்பெருவில் ஜூலை மாதக் கால்நடை விழாக்களில் மலைத்தெய்வங்களை அழைக்கும் ஒலியாக உள்ளது. உடன் பெண்கள் 'தின்யா' என்னும் சிறுபறையை முழக்கிப் பாடுகின்றனர்.

பருவங்களின் ஒலி

தொன்மம் இசைக்கும் ஒழுங்காகச் செயற்படுவதை மிக விரிவாகக் காட்டியவர் ஹென்றி ஸ்டோபார்ட். பொலிவியாவின் வட பொத்தோசியில், மாச்சா பகுதியைச் சேர்ந்த கலன்கிரா என்னும் கெச்சுவா ஊரில் அவர் மேற்கொண்ட நெடிய ஆய்வு 2006இல் நூலானது. அவ்வூரில் ஆண்டு இரு ஒலிகளாகப் பிரிகிறது. நவம்பர் தொடக்கத்தில் வரும் அனைத்துப் புனிதர் விழாவிலிருந்து, பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும் கார்னிவல் விழாவரை மழைக்காலம். அப்போது 'பிங்கில்யு' என்னும் மரக்குழல் ஒலிக்கும். அதன்பின் வறண்ட குளிர்காலம். அப்போது சாராங்கோவும் 'ஹூலா ஹூலா' என்னும் குழல்வரிசையும் ஒலிக்கும். பிங்கில்யு மழையை அழைக்கிறது, உருளைக்கிழங்குப் பயிரை வளர்க்கிறது. அதன் உட்புறத்தை நீரால் ஊறவைத்தே ஊதுகின்றனர். சாராங்கோ உறைபனியை ஈர்க்கிறது. கிழங்கை உறையவைத்து உலர்த்திச் 'சூன்யோ' என்னும் சேமிப்புணவு செய்ய ஜூன் மாத உறைபனி தேவை. மழைக்காலத்தில் சாராங்கோவை மீட்டினால் பயிர் கருகும் என்ற அச்சத்துக்கு இதுவே காரணம்.

இக்கால எல்லைகள் இறந்தோரோடும் பிணைந்தவை. நவம்பரில் வந்துசேரும் இறந்தோரின் ஆன்மாக்கள் கார்னிவல் வரை நிலத்துக்குள் பயிர் வளர்க்கத் துணைநின்று, பின் வழியனுப்பப்படுகின்றன. அண்டையில் வாழும் அய்மாரா மொழி பேசும் லாய்மி மக்களிடையே ஒலிவியா ஹாரிஸ் 1982இல் பதிவுசெய்த செய்திகளும் இதையே கூறுகின்றன. எனவே இவ்வழக்கைக் கெச்சுவாவுக்கு மட்டும் உரியதாகக் கொள்ள இயலாது. மொழி எல்லையும் தொன்ம எல்லையும் ஒன்றாக இருப்பதில்லை. மழைக்காலத்து 'வாய்ன்யு' மெட்டுகளை இசைஞர்கள் 'சிரினு' எனப்படும் ஆவிகள் உறையும் அருவிகளிலிருந்தும் பாறைகளிலிருந்தும் இரவில் சென்று பெற்றுவருகின்றனர். கானாஸ் பகுதியின் அழகிய நீர்மகள் இங்கு உருவம் தெளிவற்ற, இருளோடும் இறந்தோரோடும் உறவுடைய, அஞ்சத்தக்க கூட்டமாக மாறியிருக்கிறாள். சிரேனா என்றால் இதுதான் பொருள் என்று ஒற்றை வரியில் எழுதும் முறை இந்த இடத்தில் முற்றாகத் தோற்கிறது.

'யனந்தின்' என்னும் கருத்தையும் இங்கு மதிப்பிட வேண்டும். இணைந்தே முழுமை பெறும் இருபாதிகளைக் குறிக்கும் இக்கருத்தை மாச்சா மக்களிடையே டிரிஸ்டன் பிளாட் 1970களில் ஆராய்ந்தார். மாக்ஸ் பீட்டர் பவுமன் அதை இசைக்கு விரித்தார். ஹூலா ஹூலா இசையில் ஒருவரிடம் நான்கு குழல்கள், இணையாளரிடம் மூன்று. மெட்டின் சுரங்கள் இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டிருப்பதால் எவராலும் தனியே அதை ஊதி முடிக்க இயலாது. மே மாதத் தொடக்கத்தில் சிலுவைத் திருநாளன்று இக்குழுக்கள் ஊதியபடியே மாச்சா நகருக்கு நடந்துசென்று, 'திங்கு' என்னும் சடங்குச் சண்டையில் எதிரெதிராக நிற்கின்றன. இவ்வகையில் இருமைக் கொள்கை வலுவானதே. ஆனால் எல்லா ஆண்டிஸ் இசையையும் மேல்-கீழ், ஆண்-பெண், சூரியன்-நிலவு என்னும் இணைகளுக்குள் அடக்க முற்படும்போது விளக்கம் சூத்திரமாகிவிடுகிறது. பிங்கில்யு ஒலியில் 'தாரா' என்னும் கரகரத்த செறிவான நாதத்தையும் 'கீவா' என்னும் மெலிந்த நாதத்தையும் ஊரார் பிரித்தறிவதை ஸ்டோபார்ட் காட்டுகிறார். அவ்வேறுபாடு செவியில் தொடங்குகிறது. அண்டவியல் வரைபடத்திலிருந்து செவிக்கு இறங்கி வரவில்லை.

மூச்சு செல்லும் வழி

குஸ்கோவுக்குக் கிழக்கே, பவுகர்தம்போ வட்டாரத்தின் உயரத்தில் வாழும் கேரோஸ் மக்களின் பாட்டு வேறொரு சான்று. ஜான் கோஹன் 1960களில் ஒலிப்பதிவு செய்து உலகுக்கு அறிமுகப்படுத்திய இவர்களிடையே, பின்னர் ஹாலி விஸ்லர் பல்லாண்டுகள் தங்கி ஆராய்ந்தார். கார்னிவல் காலப் பாடல்களான 'புக்ல்யாய் தாக்கி' பெரும்பாலும் மலைப்பூக்களையும் பறவைகளையும் பெயரிட்டு அழைப்பவை. ஆண்கள் 'பின்குய்ல்யு' குழலை ஊத, பெண்கள் பாடுகின்றனர். குழலும் குரலும் ஒரே சுருதியில் இணைய வேண்டும் என்றோ, பாடும் பெண்கள் ஒருவரோடொருவர் ஒத்திசைய வேண்டும் என்றோ கட்டாயம் இல்லை. ஒவ்வொரு குரலும் தன் போக்கில் ஒலிக்க, அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. பழக்கமில்லாத செவிக்குக் குழப்பமாகப் படும் இவ்வொலி, அவர்களுக்கு நிறைவின் அடையாளம்.

ஒவ்வோர் அடியின் இறுதிச் சுரத்தையும் பெண்கள் மூச்சு முழுதும் தீரும்வரை நீட்டி, எஞ்சிய காற்றையும் வெளியே தள்ளுகின்றனர். 'அபு' எனப்படும் மலைத்தெய்வத்தைப் பாட்டு சென்றடைய அம்மூச்சே ஊர்தி என்பதை விஸ்லர் விளக்குகிறார். காணிக்கைக் கள்ளைத் தெளிப்பதும் கொக்கா இலைமீது ஊதுவதும் எவ்வகைச் செயல்களோ, அவ்வகைச் செயலே இதுவும். லாமாக்களும் அல்பாக்காக்களும் பெருக வேண்டி நடத்தும் 'பல்ச்சாய்' சடங்கில் விலங்குகள்மீது பூக்களைத் தூவிப் பாடும் பெண், அதே மெட்டில் தான் இழந்த பிள்ளையை நினைந்து அழவும் செய்கிறாள். வளம் வேண்டும் பாட்டும் ஒப்பாரியும் வெவ்வேறு வகைகளாகப் பிரியாத இந்நிலை, கேனாவின் தனிமைத் துயரிலிருந்து எவ்வளவோ தொலைவில் இருக்கிறது. இத்துயரைப் பகிர்ந்து கேட்கவும் பதில் தரவும் மலை இருக்கிறது.

கத்தரி நடனமும் தொடர்ச்சி பற்றிய வாதமும்

அயாக்குச்சோ, வாங்காவெலிக்கா, அபூரிமாக் பகுதிகளின் கத்தரி நடனம் 2010இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. கத்தரியின் இரு அலகுகள் போன்ற இரும்புத் தகடுகளை ஒரு கையில் மோதி ஒலித்தபடி, ஹார்ப்பும் வயலினும் இசைக்க, நடனக்காரர்கள் மணிக்கணக்கில் போட்டியிட்டு ஆடுவர். ஆடுபவருக்கு 'வமானி' எனப்படும் மலைத்தெய்வத்தோடு உடன்படிக்கை உண்டு என்பது வழக்கு. தேவாலயத்தார் அதைச் சாத்தானோடு செய்த உடன்படிக்கை என்றனர்.

இந்நடனம் தாக்கி உன்குய் இயக்கத்தின் நேர் வாரிசு என்ற கருத்து பரவலாக உள்ளது. வட்டாரம் ஒன்றே; உடலில் தெய்வம் இறங்குவதும் பொதுவானது. ஆயினும் பதினாறாம் நூற்றாண்டு ஆவணங்கள் இரும்புத் தகடுகளையோ ஹார்ப்பையோ வயலினையோ அவ்வியக்கத்தோடு சேர்த்துக் கூறவில்லை. இக்கருத்தை வரலாற்று உண்மையாக ஏற்க முடியாது. ஒடுக்கப்பட்ட சமூகம் தன் கலைக்குத் தேடிக்கொண்ட மூதாதைமையாக அதை மதிக்கலாம்.

ஹோசே மரியா அர்கேதாஸ் 1962இல் வெளியிட்ட 'ராசு நீத்தியின் இறுதித் துடிப்பு' சிறுகதை, ஆவணங்களால் எட்ட முடியாத ஒன்றை எட்டுகிறது. சாகும் தறுவாயில் இருக்கும் நடனக்காரன் எழுந்து உடையணிந்து கடைசியாக ஆடுகிறான். வமானி, கோந்தோர் என்னும் பெருங்கழுகின் வடிவில் அவன் தலைமேல் அமர்ந்திருக்கிறது. அவன் விழுந்ததும் அவனுடைய சீடன் ஆட்டத்தைத் தொடர, தெய்வம் அவனிடம் சேர்கிறது. கெச்சுவாவைச் சிறுவயதிலேயே பணியாளர்களிடமிருந்து கற்ற அர்கேதாஸ், மானிடவியல் அறிஞருமாவார். வாரோசிரி கையெழுத்துப்படியை 1966இல் ஸ்பானிய மொழியில் பெயர்த்தவர் அவரே. அச்சிறுகதையில் ஹார்ப்பும் வயலினும் ஐரோப்பியக் கருவிகள் என்ற நினைவே எழுவதில்லை. ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய மெட்டை இசைஞர்கள் அறிந்திருப்பதே தெய்வம் கடந்துசெல்லும் பாலமாகிறது. 1969இல் அர்கேதாஸ் மறைந்தபோது, அவர் விரும்பியபடியே வயலின் கலைஞர் மாக்சிமோ தமியான் அவருடைய இறுதி நிகழ்வில் இசைத்தார்.

பதிவும் பட்டியலும்

இப்புரிதல் ஆவணப்படுத்தும் பணிக்கு ஒரு கடினமான கேள்வியை எழுப்புகிறது. யுனெஸ்கோ பட்டியல்களும் ஒலிக் காப்பகங்களும், அழியும் நிலையிலுள்ள ஒரு பாடலைப் பிடித்துவைத்தால் மரபைக் காத்துவிட்டதாகக் கருதுகின்றன. கலன்கிராவிலோ, மழைக்காலத்துக்கு ஆண்டுதோறும் சிரினுவிடமிருந்து புதிய மெட்டுகள் வர வேண்டும். சென்ற ஆண்டின் மெட்டு அவ்வாண்டின் பயிரோடு முடிந்துவிடுகிறது. மெட்டைக் காப்பாற்றிவிட்டு அதைத் தந்த ஊற்றை இழந்தால் அங்கு எதுவும் காக்கப்பட்டதாகாது. கார்னிவலில் ஊதிய பிங்கில்யு இசையை ஆகஸ்டு மாதத்து மேடையில் ஒலிக்கச் செய்வது, அதைப் பயின்றவர்களின் கண்ணோட்டத்தில் ரசனைக் குறைவன்று, பருவத்தின்மீது செய்யும் தீங்கு.

ஆகவே ஒலிப்பதிவுகளோடு சேர்த்து எழுதப்பட வேண்டிய செய்திகள் சுரக்குறிப்பும் பாடலின் பொருளும் மட்டுமல்ல. எந்த மாதம், எந்த உயரத்துப் பயிருக்காக, எந்த நீர்நிலையிலிருந்து பெற்றது, கருவிக்கு நீரோ கள்ளோ ஊற்றப்பட்டதா, இறந்தோருள் யாரை நினைந்து பாடப்பட்டது, எந்த விழாவோடு அவ்விசை நிறுத்தப்பட்டது என்பனவும் ஒலியின் பகுதிகளே. டூரினோ, ஸ்டோபார்ட், விஸ்லர் ஆகியோரின் ஆய்வுகள் நிலைத்து நிற்பதற்குக் காரணம், இசைப்பவர்கள் தம் செயலைப் பற்றிக் கூறியதை உருவகமாகச் சுருக்கிவிடாமல், நிகழ்வதாக அவர்கள் கருதும் ஒன்றின் விவரணையாகவே அவ்வாய்வாளர்கள் எழுதிவைத்ததுதான்.